கூரையைப் பிரித்தவர்களும் கூரை போட்டவர்களும்



"கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்" என்று நம் ஜனங்கள் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அடுத்த வீட்டுக்காரனுக்கு எதிர்பாராத பணம் வந்துவிட்டால், பாதி சந்தோஷத்தோடும் பாதி பொறாமையோடும் இப்படிச் சொல்வது வழக்கம். இதை முதன்முதலில் சொன்னவர் அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அங்கே கூரையைப் பிய்த்தது தெய்வம் அல்ல, மனிதர். கொடுக்கிறவர் கீழே வீட்டுக்குள் அமர்ந்து போதித்துக்கொண்டிருந்தார். கேட்கிறவர்கள்தான் மேலே ஏறிப் பிய்த்தார்கள்.

சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. நமதாண்டவர் சேசுநாதர் கப்பர்நாவூம் பட்டணத்தில் ஒரு வீட்டில் இருக்கிறார். வாசலில் நிற்கவும் இடமில்லாத கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வழி கிடைக்கவில்லை. வெளிப்படி வழியாய் மேலே ஏறி, ஆண்டவர் இருந்த இடத்துக்கு நேராகக் கூரையைப் பிரித்து, கட்டிலைக் கீழே இறக்குகிறார்கள். சேசுநாதர் அவனுடைய பாவங்களை முதலில் மன்னிக்கிறார். பிறகு எழுந்து நடக்கச் சொல்லுகிறார். கூரை வழியாய் உள்ளே வந்தவன் வாசல் வழியாய்க் கட்டிலைச் சுமந்துகொண்டு வெளியே போகிறான்.

இந்த வசனங்களின்மேல் நான் பல தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றியும், பாவ மன்னிப்பைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்தக் கூரையைப் பற்றி மாத்திரம் ஒரு நாளும் யோசித்ததில்லை. என்னுடைய தவறு ஒன்றினால் ஒரு ஏழைப் பெண்ணின் கூரை பறந்துபோன பிறகுதான் யோசித்தேன். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

கப்பர்நாவூமில் 1968-ம் ஆண்டு தொடங்கி, பிரான்சிஸ்கன் சபைக் குருக்களாகிய விர்ஜீலியோ கொர்போவும் ஸ்தனிஸ்லாவோ லொஃப்ரேதாவும் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார்கள். ஆதி கிறிஸ்தவர்கள் அர்ச். இராயப்பரின் வீடென்று வணங்கிவந்த வீட்டின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எட்டு மூலைக் கோயில் ஒன்று கட்டப்பட்டிருந்தது. இன்று அவ்விடத்திற்கு மேலாகவே 1990-ல் எழுப்பிய கோயிலுக்குள் நின்று, தரையில் பதித்த கண்ணாடி வழியாக அந்தச் சுவர்களை யாத்திரிகர்கள் பார்க்கிறார்கள். கருங்கல்லைச் செதுக்காமல், நல்ல சுண்ணாம்புச் சாந்தும் இல்லாமல் அடுக்கிய சுவர்கள் அவை. அப்படிப்பட்ட சுவர் அதிக பாரம் தாங்காது. ஆகையால் மரக்கட்டைகளை நீட்டி, அவற்றின்மேல் கழிகளும் வைக்கோலும் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசியிருப்பார்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். அர்ச். மாற்கு கூரையைத் "தோண்டினார்கள்" என்ற பொருள்படும் சொல்லைப் போடுவது இதனால்தான் விளங்குகிறது. மண் கூரையைத்தானே தோண்ட முடியும்? அர்ச். லூக்காஸ் ஓடுகளின் வழியாய் இறக்கினதாக எழுதுகிறார். ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு அவர் எழுதினார்.

அப்படிப்பட்ட மண் கூரையை வருஷந்தோறும் பழுது பார்க்கவேண்டும். மழைக்காலம் வருமுன் புது மண் பூசி, கல் உருளையை உருட்டி இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். அதில் ஒரு ஆள் படுத்த கட்டில் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தால் அந்த வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும்! காய்ச்சலிலிருந்து ஆண்டவர் குணப்படுத்தின இராயப்பரின் மாமியார் அந்த வீட்டில்தானே இருந்தாள்? மேலே இருந்து மண் கட்டிகள் சட்டிபானைகளில் விழுந்தபோது அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாள் என்று சுவிசேஷகர்கள் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

அந்தக் கூரையைத் திரும்பப் போட்டது யார்? சுவிசேஷம் சொல்லவில்லை. அந்த நால்வரும், கட்டிலைச் சுமந்துபோன ஐந்தாவது ஆளும் மறுநாள் வந்து மண் குழைத்திருப்பார்கள் என்பது என் சொந்த எண்ணம். வேதத்தில் இருக்கிறதென்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

இனி என் தவறு. பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு கிராமப் பங்கில் ஊழியம் செய்தேன். அங்கே வயது சென்ற விதவை ஒருத்தி குழித்தறி போட்டுச் சேலை நெய்து பிழைத்து வந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி மண்சுவர்க் குடிசை, மேலே தென்னங்கீற்று. கீற்று இரண்டு மழைக்காலம் தாங்கும். மூன்றாவது மழையில் மக்கி, கறுத்து, கையால் தொட்டால் உதிரும். நெசவாளர் வீட்டில் கூரை ஒழுகுவது மற்ற வீடுகளில் ஒழுகுவதைப் போன்றதல்ல. தறிக்குழியில் தண்ணீர் நின்றால் கால் வைக்க முடியாது. பாவு நனைந்தால் நூல் கெட்டுவிடும். அந்த நூலோ முதலாளி கொடுத்த நூல். சேலத்து ஜனங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

கோயில் உண்டியலில் கொஞ்சம் பணம் இருந்தது. கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டுத் தருவதென்று தீர்மானித்தேன். வாலிபர் சிலர் உதவிக்கு வந்தார்கள். கணக்குப் பார்த்ததில் தகரத்துக்கே பணம் சரியாய்ப் போயிற்று. கொக்கி ஆணிகளும், அவற்றுக்குப் போடும் வாஷர்களும் வாங்கப் பணம் போதவில்லை. "எதற்கு அத்தனை? நாலு மூலையில் சாதா ஆணி அடித்து, மேலே கல்லும் மணல் மூட்டையும் வைத்தால் போதும்" என்று நானே சொன்னேன். மாசி மாதம் வேலை முடிந்தது. தண்ணீர் தெளித்து மந்திரித்தேன். ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள், எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

சித்திரை மாதத்துக் கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் அனல். மாலை நான்கு மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும். மழைக்கு முன்னால் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அன்று வந்த காற்று எட்டுத் தகரத்தில் ஐந்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கல்லும் மூட்டையும் உருண்டு உள்ளே விழுந்தன. ஒரு தகரம் தெருவைத் தாண்டிப் புளியமரத்தில் கத்திபோல் செருகி நின்றது. அரைமணி நேரம் முன்புவரை அந்த மரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவு இன்றைக்கும் எனக்கு உடல் நடுக்கம் தருகிறது. கிழவி தறிமேட்டுக்குக் கீழே ஒடுங்கிக்கிடந்ததால் உயிர் தப்பினாள். பாவு முழுவதும் நனைந்து போயிற்று.

நான் போய் நின்றபோது அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சாமி, பழைய கீத்தே தேவலைங்க. அது ஒழுகும், பறக்காது" என்று மட்டும் சொன்னாள். எந்த மேற்றிராணியாரும் என்னை அப்படிக் கண்டித்ததில்லை.

பிறகு வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கிறிஸ்தவர் அல்ல. பறந்துபோன தகரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சாமி, காத்து கூரையை அமுக்கும்னா நினைச்சீங்க? காத்து அமுக்காதுங்க, தூக்கும்." வாசல் வழியாய் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது, மேலே வேகமாய் ஓடுகிற காற்று மேலிருந்து இழுக்கிறது. ஆகையால் கூரைக்குப் பாரம் ஏற்றுவதைவிடக் கூரையைக் கீழே கட்டிப்போடுவதே பெரிய வேலை என்றார். நான் ஆணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடித்திருந்தேன், அடிப்பது சுலபமாயிருந்ததால். தண்ணீர் ஓடுகிறது பள்ளத்தில் அல்லவா? ஆணி மேட்டில் இருக்கவேண்டும், வாஷரோடு இருக்கவேண்டும். தகரத்தின் ஓரம் அடுத்த தகரத்தின்மேல் ஒன்றரை மேடாவது ஏறியிருக்கவேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் அரையடி விழவேண்டும். இவற்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

அவர் தகரத்தையே வேண்டாமென்றார். சேலத்து வெயிலில் தகரத்தின் கீழ் கிழவி வெந்துபோவாள் என்றார். யாரோ இடித்த பழைய வீட்டிலிருந்து சீமை ஓடு கிடைத்தது. மங்களூர் ஓடு என்று சொல்லுகிறோமே, அதுதான். 1865-ல் பாசல் மிஷன் என்னும் பிரிவினை சபையாரில் ஜார்ஜ் பிளெப்ஸ்த் என்பவர் மங்களூரில் நேத்திராவதி ஆற்றுக் களிமண்ணைக் கொண்டு இந்த ஓட்டை முதலில் செய்யத் தொடங்கினார். வேலையற்றுப்போன ஜனங்களுக்குப் பிழைப்பு உண்டாக்க அந்த மிஷன் நடத்திய தொழில்களில் இது ஒன்று. நம்மைச் சேராதவர்கள் செய்த நன்மையையும் நன்றியோடு சொல்லவேண்டும். நம் நாட்டில் எத்தனையோ கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அந்த ஓட்டின் கீழ்தான் நின்றன.

அந்தக் குடிசைக்கு ஏறக்குறைய முந்நூறு ஓடுகள் ஆயின. ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்றால், மொத்தம் முக்கால் டன். இதை மண்சுவர் தாங்காது. கப்பர்நாவூம் சுவரைப்போலத்தான் இதுவும். ஆகையால் மேஸ்திரி பாரத்தைச் சுவரில் ஏற்றவேயில்லை. ஆறு கல்லுக்கால்களைத் தரையில் ஆழமாய் நட்டு, உத்தரத்தை அவற்றின்மேல் வைத்து, இரும்புப் பட்டையால் காலோடு சேர்த்துப் பிணைத்தார். சுவர் காற்றை மறைக்க மாத்திரம். முகட்டைச் சுவர் மட்டத்திலிருந்து மூன்றடி உயர்த்தினார். "கீத்துன்னா அஞ்சடி தூக்கணும், ஓட்டுக்கு மூணடி போதும், அதுக்குக் கீழே போனா தண்ணி திரும்பி உள்ளே ஏறும்" என்றார். கைமரத்துக்கு முற்றின பனைவாரை. இளம் பனை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார். அதன் உட்சோறு உளுத்துப்போகுமாம். ஓட்டின் நீளத்தைக் கையில் வைத்து அளந்தே ரீப்பர் அடித்தார். சுவருக்கு வெளியே ஒன்றரையடி இறவாணம் விட்டார், மண்சுவரின் காலில் மழைத் தண்ணீர் அடிக்காதபடிக்கு.

ஓடு வேய்வதைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? இறவாணத்தில் தொடங்கி மேலே போகவேண்டும். கீழ் வரிசை முதலில். அதன்மேல் ஏறினாற்போல அடுத்த வரிசை. முகட்டு ஓடு கடைசியில், சுண்ணாம்புச் சாந்தில். மேலே இருக்கிற ஓடு கீழே இருக்கிற ஓட்டின் தலையை மூடிக் காக்கிறது. கீழே இருக்கிற ஓடு மேலே இருப்பதைத் தாங்குகிறது. இதைக் கொண்டு குடும்பத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாம்தான். ஆனால் மேஸ்திரி என்னை ஓடு எடுத்துக்கொடுக்கச் சொல்லிவிட்டார்; உவமை தேட நேரமில்லை.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலைப் பூசைக்குப் பின் அந்தக் குடிசைக்குப் போனேன். கிழவியின் கண்கள் சிவந்திருந்தன. "ஏன் ஆயா, இராத்திரி ஒழுகிற்றா?" என்று பயத்தோடு கேட்டேன். "இல்லீங்க சாமி. மழைச் சத்தம் மட்டும் கேட்டுது, தண்ணி வரலே. எப்ப வரும் எப்ப வரும்னு சட்டியைக் கையிலே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். விடிஞ்சு போச்சு" என்றாள். நாற்பது வருஷமாய் மழை பெய்தால் சட்டி எடுத்து வைத்துப் பழகின கை!

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? நம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பெரும்பாலும் மாடி வீடுகள். கடவுளுக்குத் தோத்திரம். மழை பெய்தால் நமக்குக் காபி குடிக்கத் தோன்றுகிறது. ஆனால் நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள், நமக்கு வீடு கட்டின சித்தாள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிற பையன் இவர்கள் மழை இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? எனக்கும் அந்தப் பழக்கம் குறைவுதான். வீடு சந்திக்கப் போகும்போது நாற்காலி உள்ள வீடுகளுக்கே கால் முதலில் போகிறது.

நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லுகிற செபம் அதே கப்பர்நாவூமில் பிறந்தது. நூற்றுவர் தலைவன் தன் ஊழியனுக்காக வேண்டி வந்தபோது ஆண்டவரிடம் சொன்ன வார்த்தை அது. தமிழில் இல்லம் என்று சொல்லுகிறோம். இலத்தீனில் அங்கே இருக்கிற சொல்லுக்குக் கூரை என்று பொருள். தன் கூரையின்கீழ் அவர் வரத் தான் பாத்திரவானல்ல என்கிறான். அந்தச் சேனைத் தலைவனின் வீட்டுக் கூரை உறுதியாகவே இருந்திருக்கும். ஆயினும் தாழ்ந்து பேசினான். நாமோ நாக்கில் அந்தச் செபத்தோடு பந்திக்கு வருகிறோம். வீடில்லாதவனாய் வந்த தம்மைச் சேர்த்துக்கொண்டோமா என்று கடைசி நாளில் கேட்கப்போவதாகச் சொன்னவரும் அதே ஆண்டவர்தானே? சேலை இல்லாத ஏழையை வெளியே விட்டுவிட்டுப் பீடத்துக்குப் பட்டு விரிப்பதில் என்ன பிரயோசனம் என்ற கருத்தில் அர்ச். கிறிசோஸ்தம் அருளப்பர் பிரசங்கித்திருக்கிறார். கோயில் கூரைக்கு உட்தகடு போடவேண்டுமென்று நம் சங்கத்தார் சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் குற்றமில்லை. இந்த வருஷம் வேண்டாமென்பது என் அபிப்பிராயம்.

நெருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் சமையலறை நெருப்புப் பற்றி, 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை அரசாங்கம் எடுத்துவிடச் செய்தது. வீடுகளில் கீற்று இன்னும் இருக்கிறது. கீற்று வீட்டில் இருக்கிறவர்கள் அடுப்பை வெளியே வைத்துக்கொள்ளட்டும். மாடி வீட்டில் இருக்கிறவர்கள் தீபாவளியன்று ராக்கெட் வாணத்தைக் கீற்று வீடுகள் இருக்கிற திசையில் விடாதிருக்கட்டும்.

மாடி வீட்டார் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கவேண்டாம். உபாகமத்தின் 22-ம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார்: புது வீடு கட்டினால் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், அங்கிருந்து ஒருவன் விழுந்து செத்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். நம் தெருக்களில் பணம் தீர்ந்துபோய்க் கைப்பிடிச் சுவர் இல்லாமல் நிற்கிற மாடிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். வேப்பிலை அடைத்துத் தண்ணீர் தேங்குகிற மாடிகளோ பல. தேங்கின தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஊதிக் காரையைப் பெயர்க்கும். பத்து நிமிஷம் துடைப்பத்தோடு மேலே ஏறினால் தீருகிற காரியம். ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருக்கிறவர்கள் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள்.

அரசாங்கத்தார் 2024-ல் "கலைஞரின் கனவு இல்லம்" என்ற திட்டத்தை அறிவித்தார்கள். கிராமப்புறத்துக் குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்பது அந்த அறிவிப்பு. நல்ல காரியம். ஆனால் அதற்குப் பட்டா வேண்டும். மனு எழுதத் தெரியவேண்டும். அலுவலகத்துக்கு நடக்கக் கூலி வேலையை விடவேண்டும். கட்டிலைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்ததைப்போல இதற்கும் ஆள் வேண்டும். நம் பங்கில் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் எத்தனை பேர்! பூசைக்குப்பின் அரசியல் பேசுகிற நேரத்தில் ஒரு மனு எழுதிக்கொடுக்கலாம்.

பட்டா இல்லாதவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. அப்படிப்பட்ட மூன்று குடும்பங்களை உபதேசியாரும் நானும் போய்ப் பார்த்துவந்தோம். ஒன்று கீற்று, இரண்டு தகரம். தகரத்தின்மேல் கல் வைத்திருக்கிறார்கள், நான் வைத்ததைப் போலவே. சித்திரைக்கு முன் அந்தக் கற்களை இறக்கி, கொக்கி ஆணி போட்டு முடுக்கி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். சுண்ணாம்பு அடித்தால் உள்ளே வெக்கை கொஞ்சம் தணியும். கீற்று வீட்டுக்குப் புதுக் கீற்று ஐந்நூறு வேண்டும். தற்போதைக்கு அவ்வளவுதான் முடியும். வருகிற சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் புறப்படுகிறோம். பணமாய்க் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம். ஆனால் மேலே ஏற ஆள்தான் குறைவாய் இருக்கிறது. ஏணி நம்மிடம் ஒன்று இருக்கிறது. இன்னொன்று யார் வீட்டிலாவது இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோயில் திண்ணையில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போங்கள்.